ஸ்டாம்பு ஒட்டியும் வராத கார்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் பீட்டில் காரின் அழகைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை அருமை. ஆனால், பணம் கட்டி ஏமாந்தவர்களின் கதையைக் கட்டுரையாளர் தொடவே இல்லை.

1938இல் ஜெர்மனியின் நாஜி ஆட்சி இந்தக் காரை வாங்க ஒரு சேமிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. காரின் விலை 990 ரைஷ்மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்). வாரம் 5 மார்க்குக்கு ஸ்டாம்பு வாங்கி அட்டையில் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். நம்மூர் சீட்டு மாதிரிதான், ஆனால் நடத்தியது அரசாங்கம்! சுமார் 3,36,000 பேர் சேர்ந்தார்கள். ஒருவர் வாசலுக்கும் கார் வரவில்லை. போர் மூண்டதும் ஆலை ராணுவ வண்டிகளுக்குத் திரும்பியது. பிடித்துவரப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அங்கே கட்டாய வேலை செய்தார்கள்.

குண்டுவீச்சில் சிதைந்த ஆலையை 1945இல் பிரிட்டிஷ் ராணுவ மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் பொறுப்பேற்றார். ஒரு காருக்குப் பச்சை வண்ணம் பூசி ராணுவத் தலைமையகத்துக்கு அனுப்பிக் காட்டினார். 20,000 வண்டிகளுக்கு ஆர்டர் கிடைத்தது. ஃபோக்ஸ்வாகன் பிழைத்தது அப்படித்தான்.

ஸ்டாம்பு ஒட்டியவர்கள்? நீதிமன்றம் ஏறி இறங்கி, 1961இல்தான் சமரசம். புதுக் கார் வாங்கினால் அதிகபட்சம் 600 மார்க் தள்ளுபடி. வேண்டாமென்றால் 100 மார்க் ரொக்கம்.

- வாசகர், காரைக்குடி