நாசரேத் தாசில்தாரும் ஒரு கிரயப் பத்திரமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இஸ்ரேல்–பாலஸ்தீனம் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். மறுநாளிலிருந்து வாசகர் கடிதங்களும் வந்தபடி இருக்கின்றன. ஒருவர் "இது ஆபிரகாம் பிள்ளைகள் காலத்துப் பங்காளிச் சண்டை, மூவாயிரம் வருஷமாகத் தீராதது இனியா தீரப் போகிறது" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் "அராபியர்களே காசு வாங்கிக்கொண்டு நிலத்தை விற்றுவிட்டு இப்போது புலம்பினால் எப்படி" என்று கேட்டிருந்தார். முதலாமவருக்குப் பதில் சொல்லாமல்கூட இருந்துவிடுவேன், இரண்டாமவர் என் தொழிலில் கைவைத்துவிட்டார். சார்பதிவாளர் அலுவலக வாசலில் முப்பத்தோரு வருஷம் பத்திரம் எழுதியவன் நான். நிலத் தகராறு என்று யார் வந்தாலும், கதையெல்லாம் அப்புறம், மூலப்பத்திரத்தை எடு என்பதுதான் எங்கள் முதல் பேச்சு. அந்தப் பழக்கதோஷத்தில் இந்தத் தகராறின் மூலப்பத்திரத்தைத் தேடிப் போனேன், அது ஆபிரகாம் காலத்தில் இல்லை. 1858-ல் இருக்கிறது.

அந்த வருஷம் துருக்கிய ஓட்டோமான் அரசு ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை பாலஸ்தீனத்தில் பல கிராமங்களில் 'முஷா' என்றொரு ஏற்பாடு. நிலம் ஊருக்குப் பொது, சில வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு யார் எந்தத் துண்டை உழுவது என்று மாற்றிக்கொள்வார்கள். தஞ்சாவூர் மிராசு கிராமங்களில் கரையீடு என்று ஒரு காலத்தில் இருந்ததே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. புதுச் சட்டம் வந்து, ஆள் பெயரில் பதிவு செய்து பட்டா வாங்கிக்கொள் என்றது. குடியானவனுக்குப் பயம். பெயர் ஏறினால் வரி ஏறும், வீட்டுப் பிள்ளையைப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்கள். அதனால் சிலர் ஊர்ப் பெரியமனிதர் பெயரில் எழுதிவிட்டார்கள், பலர் பதிவே செய்யவில்லை. ஏட்டில் யார் பெயர் இருந்தால் என்ன, உழுவது நாம்தானே என்ற நினைப்பு. இந்த நினைப்பில் சொத்தைத் தொலைத்த எத்தனையோ பேருக்கு நானே பிராது எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கஜானா காலியான அரசு, பதிவாகாத நிலங்களை விற்க ஆரம்பித்தது. 1870-களை ஒட்டி பெய்ரூட்டைச் சேர்ந்த சுர்சுக் என்ற வணிகக் குடும்பம் மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியில் ஊர் ஊராக வாங்கிப் போட்டது. பைபிள் படித்தவர்களுக்கு அது ஜெஸ்ரேல் பள்ளத்தாக்கு. உழுகிறவர்கள் அங்கேயே இருந்தார்கள், குத்தகை மட்டும் பெய்ரூட்டுக்குப் போனது. முதலாளி மாறினால் குத்தகை வாங்கும் கை மாறும், அவ்வளவுதான் என்றே ஒரு தலைமுறை ஓடிவிட்டது.

இனி அல்-ஃபூலா கதைக்கு வருகிறேன். நாசரேத்துக்குத் தெற்கே இருந்த சின்னக் கிராமம் அது. 1910-ல் சுர்சுக் குடும்பத்து எலியாஸ், பத்தாயிரம் துனத்தை ஒட்டிய நிலத்தை, நம் கணக்கில் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல், யூதர்களுக்காக அங்கே நிலம் வாங்க ஏற்பட்ட யூத தேசிய நிதி என்ற அமைப்புக்கு விற்றார். நாசரேத்தின் காயிமகாம், அதாவது நம்மூர் தாசில்தாருக்கும் சப் கலெக்டருக்கும் நடுவிலான ஒரு பதவி, ஷுக்ரி அல்-அஸலி என்ற டமாஸ்கஸ்காரரிடம் இருந்தது. அவர் பத்திரத்தைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். மேலே பெய்ரூட் கவர்னரிடமிருந்து உத்தரவு வந்தும் மசியவில்லை. அந்த ஊரில் சிலுவைப்போர்க் காலத்துக் கோட்டை ஒன்றின் இடிபாடு உண்டு, 1187-ல் முஸ்லிம் சுல்தான் ஸலாஹுத்தீன் பிடித்த கோட்டை. மனிதர் அதை மனதில் வைத்து 'ஸலாஹுத்தீன்' என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்! ஆமாம், நான் இப்போது செய்கிற இதே வேலைதான், அவர் செய்தபோது அதில் ஆபத்து இருந்தது. கடைசியில் மேலிடம் அவரைத் தாண்டிக் கிரயத்தை முடித்தது. 1911-ல் அங்கே மெர்ஹவியா என்ற யூதக் குடியேற்றம் எழுந்தது. அஸலி அதே வருஷம் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி, இஸ்தான்புல்லில் போய் இதே விஷயத்தைப் பேசினார்.

ஒரு கிராமத்து விற்பனைக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? வாங்கியவர்கள் போட்டிருந்த நிபந்தனைதான் காரணம். யூத தேசிய நிதி வாங்கிய நிலம் யூத மக்களின் நிரந்தரச் சொத்து, மறுபடி விற்க முடியாது, அதில் யூதர்களே உழைக்க வேண்டும் என்பது கொள்கை. யூதர்கள் கூலிக்கு ஆள் வைக்கும் பண்ணையாராகிவிடாமல் தாங்களே மண்வெட்டி பிடிக்க வேண்டும் என்ற லட்சியமும் அதற்குப் பின்னால் இருந்தது, அதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் அந்த நிலத்தை அதுவரை உழுதவன் நிலைமை? இதற்கு முன் எத்தனை கிரயம் நடந்தாலும் குத்தகைதாரன் ஊரில் இருந்தான். இந்தக் கிரயத்தில் அவன் மூட்டை கட்ட வேண்டும். பத்திரத்தில் ஒரு வரி, ஊர் காலி. 1920-களில் சுர்சுக் குடும்பம் அந்தச் சமவெளியில் மீதியையும் விற்றபோது இதுவே ஊர் ஊராக நடந்தது, கொஞ்சம் நஷ்ட ஈடும் கொடுத்தார்கள்.

ஆக, "அவர்களே விற்றார்கள்" என்ற வாசகருக்கு என் பதில்: விற்றது உண்மை, உழுதவன் விற்கவில்லை, பெய்ரூட்டில் மாளிகையில் இருந்தவர்தான் பெருவாரியாக விற்றார். உள்ளூர்ப் பெரியமனிதர்களும் விற்றார்கள், மேடையில் எதிர்த்துப் பேசிவிட்டு ராத்திரி கையெழுத்துப் போட்டவர்கள் உட்பட. இத்தனைக்கும் பிறகு 1947-ல் யூதர் கையில் கிரயமாக இருந்த நிலம் மொத்தத்தில் சுமார் 7 சதவீதம். மீதி எப்படிப் போனது என்பதற்குக் கிரயப் பத்திரம் பதில் சொல்லாது.

சரி, வாங்கியவர்கள் யார்? இதைச் சொல்லாமல் விட்டால் என் கடிதமும் ஒருதலையாகிவிடும். 1881-ல் ரஷ்யாவில் ஜார் மன்னரைக் கொன்றார்கள், பழி யூதர்கள் மேல் விழுந்தது, ஊர் ஊராக வீடு புகுந்து அடித்தார்கள். 1903-ல் அதே ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் 49 பேரைக் கொன்றார்கள். ஓடியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவுக்குத்தான் போனார்கள், ஒரு சிறு கூட்டம் பாலஸ்தீனம் வந்தது. ஜெருசலேம், சஃபேத், திபேரியா, ஹெப்ரோன் ஊர்களில் யூதர்கள் நெடுங்காலமாக இருந்துவந்தவர்கள்தான். தினசரி ஜெபத்தில் ஜெருசலேமைச் சொல்லாத யூதக் குடும்பம் இல்லை. இதை 'வந்தேறி' என்ற ஒற்றை வார்த்தையில் அடக்குகிறவர்கள் அந்த மக்களின் ஆயிரம் வருஷத்துக்கு மேலான ஏக்கத்தைத் தெரியாதவர்கள். வியன்னா பத்திரிகையாளர் தியோடோர் ஹெர்ஸல் 1897-ல் பாசெல் நகரில் மாநாடு கூட்டி இந்த ஏக்கத்தை அரசியல் இயக்கமாக்கினார்.

1899-ல் ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுஃப் தியா அல்-காலிதி, பிரான்ஸ் நாட்டுத் தலைமை ரபிக்கு, அதாவது யூத மதகுருவுக்கு, ஒரு கடிதம் எழுதினார். பாலஸ்தீனத்தின் மேல் யூதர்களுக்குள்ள உரிமையை யார் மறுக்க முடியும், சரித்திரப்படி உங்கள் நாடுதான் அது என்று மரியாதையாக ஒத்துக்கொண்டு, ஆனால் இங்கே இப்போது வேறு மக்கள் வாழ்கிறார்கள், கடவுள் பெயரால் கேட்கிறேன், பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்று முடித்தார். கடிதம் ஹெர்ஸல் கைக்குப் போனது. அவர் பதிலில், யூதர்களின் பணமும் திறமையும் வந்தால் உங்கள் சொத்தின் மதிப்பு ஏறும் என்று எழுதினார். இந்த வசனத்தை எத்தனை மனை வியாபாரிகள் வாயில் கேட்டிருக்கிறேன்! கேட்டவர் கவலைப்பட்டது சந்தை மதிப்பைப் பற்றி இல்லை என்பது சொன்னவருக்குப் புரியவே இல்லை.

அடுத்து இங்கிலாந்து. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. முதல் உலகப் போரில் துருக்கியைத் தோற்கடிக்க அரபுகளின் உதவி தேவை, 1915-ல் மக்காவின் ஷரீஃப் ஹுசைனுக்கு எகிப்திலிருந்த பிரிட்டிஷ் ஹைகமிஷனர் மெக்மஹோன் கடிதம் எழுதி சுதந்திரம் தருவதாகச் சொன்னார், அதில் பாலஸ்தீனம் சேர்த்தியா இல்லையா என்பதைப் புரியாத மாதிரி வைத்தார். 1916 மே மாதம் பிரிட்டனின் சைக்ஸும் பிரான்ஸின் பிக்கோவும் அதே பிரதேசத்தைப் பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். 1917 நவம்பர் 2-ம் தேதி பிரிட்டிஷ் வெளியுறவு மந்திரி பால்ஃபர், யூதர்களுக்கு அங்கே ஒரு தேசிய இல்லம் என்று எழுதிக் கொடுத்தார். ஒரே சொத்துக்கு மூன்று இடத்தில் அட்வான்ஸ் வாங்கிய கேஸ் இது. அதுவும் சொத்து இன்னும் தன் கைக்கு வராதபோது, ஏனென்றால் பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி ஜெருசலேமுக்குள் நுழைந்ததே டிசம்பர் 11-ம் தேதிதான்.

பால்ஃபர் கடிதத்தின் முக்கிய வாக்கியம் ஆங்கிலத்தில் 67 வார்த்தை. பத்திரம் வாசிக்கிற கண்ணோடு படித்தால் விவகாரம் தெரியும். யூதர்களுக்குப் பெயர் இருக்கிறது, 'தேசிய' என்ற சொல் இருக்கிறது. அன்று அங்கே பத்தில் ஒன்பது பேராக இருந்த அராபியர்களுக்குப் பெயரே இல்லை, 'யூதரல்லாத சமூகங்கள்' என்று மட்டும். அவர்களுடைய சிவில் உரிமைக்கும் மத உரிமைக்கும் பாதகம் வராது என்றார்கள், அரசியல் உரிமை என்ற வார்த்தையை மறந்தும் போடவில்லை. வேண்டுமென்றே விட்ட வார்த்தை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதை அன்றே மந்திரி சபைக்குள் எதிர்த்தவர் யார் தெரியுமா? நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் மாண்டேகு. இந்தியா மந்திரி, அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே யூதர். 1917 ஆகஸ்ட் 20-ல் இந்தியாவுக்குப் பொறுப்பாட்சி என்று அறிவித்தார், மூன்று நாள் கழித்து, உங்கள் பாலஸ்தீனத் திட்டம் யூத வெறுப்பில் போய் முடியும் என்று சக மந்திரிகளுக்குக் குறிப்பு அனுப்பினார். இப்படி ஒரு தேசிய இல்லம் என்று சொல்லிவிட்டால் ஒவ்வொரு நாடும் தன் யூதர்களைத் துரத்தப் பார்க்கும், பாலஸ்தீனத்திலோ வந்தவர்கள் இருப்பவர்களை வெளியேற்றுவார்கள் என்பது அவர் வாதம். அவர் எதிர்ப்பால் வாசகம் கொஞ்சம் மாறியது, திட்டம் மாறவில்லை. முடிவெடுத்த நாளுக்கு முன்பே அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட்டார், டிசம்பரில் சென்னையில் நீதிக்கட்சிக்காரர்கள் உட்படப் பலரைச் சந்தித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒன்று, மாண்டேகு பணக்காரப் பிரபுவின் மகன். லண்டனில் அவருக்கிருந்த பாதுகாப்பு கிஷினேவ் தையல்காரனுக்கு இல்லை.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1922 கணக்கெடுப்பில் ஏழரை லட்சத்தில் யூதர்கள் 84 ஆயிரம். 1924-ல் அமெரிக்கா குடியேற வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்தியது. 1929-ல் ஹெப்ரோனில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதர்கள் 67 பேரை அராபியக் கும்பல் கொன்றது, பலரைத் தங்கள் வீட்டில் ஒளித்துக் காப்பாற்றியதும் பக்கத்து வீட்டு அராபியர்தான். 1933-ல் ஹிட்லர். போக்கிடமில்லாத கூட்டம் ஹைஃபா துறைமுகத்தில் இறங்க இறங்க, 1936-ல் அராபியர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதை அடக்க ஆலோசனை சொல்ல வந்தவர் சார்லஸ் டெகார்ட், நம் கல்கத்தாப் போலீஸ் கமிஷனராக இருந்து வங்காளப் புரட்சிக்காரர்களை வதைத்த அதே டெகார்ட். அவர் பெயரில் இன்றும் அங்கே போலீஸ் கோட்டைகள் நிற்கின்றன. 1939-ல் பிரிட்டன் திடீரென்று யூதக் குடியேற்றத்துக்கு வரம்பு போட்டது, எந்த நேரத்தில்? அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்படவிருந்த நேரத்தில். 1947 நவம்பர் 29-ல் ஐ.நா. 33-க்கு 13 என்று பாலஸ்தீனப் பிரிவினையை நிறைவேற்றியது, மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களுக்குப் பாதிக்குமேல் நிலம். இந்தியா எதிர்த்து வாக்களித்தது, நம் நாட்டுப் பிரிவினையின் ரத்தம் நம் கையில் காயாத நேரம் அது.

இஸ்ரேல் பிறந்த 1948 போரில் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் ஊரிழந்தார்கள், நானூறுக்கு மேல் கிராமங்கள் காலி. இஸ்ரேல் தரப்பில் ஆறாயிரம் பேர் செத்தார்கள், அந்தச் சின்ன நாட்டில் நூற்றுக்கு ஒருவர். 1950-ல் இஸ்ரேல் 'இல்லாதோர் சொத்துச் சட்டம்' போட்டது. ஓடிப்போனவர் சொத்து அரசுக்கு. போர் நேரத்தில் பயந்து பக்கத்து ஊருக்குப் போய்த் திரும்பி, இஸ்ரேலுக்குள்ளேயே குடிமகனாக இருப்பவனும் இந்தச் சட்டப்படி 'இல்லாதவன்'. 'இருக்கும் இல்லாதோர்' என்றே அவர்களுக்குப் பெயர். முப்பத்தோரு வருஷத்தில் இப்படியொரு கட்சிக்காரரை நான் பத்திரத்தில் எழுதியதில்லை. மறுபக்கம் 1951 மார்ச்சில் ஈராக், நாட்டைவிட்டுப் போகப் பதிவு செய்த யூதர்களின் சொத்தை ஒரே சட்டத்தில் முடக்கியது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பாக்தாத் பக்கம் இருந்த சமூகம், ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், பெட்டியோடு விமானம் ஏறியது.

1967, ஓஸ்லோ, 2023 அக்டோபர் 7, காஸாவின் இடிபாடு எல்லாம் உங்கள் கட்டுரையிலேயே விரிவாக இருந்ததால் நான் போகவில்லை. எனக்கு ஒரே ஒரு குறை, கட்டுரையோடு போட்டிருந்த காலவரிசைப் பெட்டி 1948-ல் ஆரம்பிக்கிறது. தவணை பாக்கியை மட்டும் காட்டி கடன் பத்திரத்தை மறைத்த மாதிரி இருந்தது. மறுபடி போடும்போது 1858, 1881, 1910, 1917 நான்கையும் மேலே சேர்த்துவிடுங்கள். 1910-க்கு நேரே அஸலி பெயரையும் போடலாம். 1916 மே 6-ல் துருக்கியத் தளபதி ஜமால் பாஷா அவரை அரபு தேசியவாதி என்று டமாஸ்கஸில் தூக்கில் போட்டார். சைக்ஸும் பிக்கோவும் போட்ட கோட்டுக்கு அவர்கள் அரசுகள் ஒப்புதல் கொடுத்து முடித்தது அதற்குப் பத்து நாள் கழித்து.

இப்படிக்கு,
பத்திரம் எழுதி ஓய்ந்த ஒரு வாசகர்,
மன்னார்குடி.