செனான் தொட்டியின் மௌனமும் இலேசான கரும்பொருளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒளியை உமிழாமல் ஈர்ப்புவிசையால் மட்டுமே தன் இருப்பைக் காட்டும் கரும்பொருள் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பழைய ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் கரும்பொருள் துகள் வந்து மோதுகிறதா என்று பார்க்க 10 டன் திரவ செனானுடன் இயங்கும் எல்இசட் கருவி, 280 நாள் தரவுகளை அலசியும் எதுவும் அகப்படவில்லை என்று 2024இல் அறிவித்ததைக் கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அதை வைத்துக் கரும்பொருள் தேடலே முட்டுச்சந்தில் நிற்கிறது என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. புரோட்டானைவிட நிறை குறைந்த துகள்களுக்கான தேடலைக் கட்டுரை தொடவே இல்லை.

பள்ளியில் இயற்பியல் நடத்திய காலத்தில், மோதலை விளக்க ஒரு கோலிக்குண்டை ஆட்டுக்கல்லின் மேல் உருட்டிவிடுவேன். குண்டு திரும்பி வரும், கல் அசையாது. செனான் அணுக்கருவின் நிலையும் அதுதான். புரோட்டானின் நிறையில் பத்தில் ஒரு பங்கே உள்ள ஒரு துகள் நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் 50 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) அளவில் இருக்கும். அதில் செனான் அணுக்கருவுக்குப் போய்ச் சேருவதோ ஒரு எலக்ட்ரான் வோல்ட்கூட இல்லை. சில ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் உதையை எதிர்பார்த்துக் கட்டிய கருவி இதை எப்படி உணரும்?

ஆகவே அணுக்கருவை விட்டு, அதைவிடப் பன்மடங்கு இலேசான எலக்ட்ரானைப் பார்க்கிறார்கள். சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க 1.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். செனான் கருவிகளிலும் எலக்ட்ரான் வழியாகத் தேடுகிறார்கள் என்பது உண்மையே. எனினும் என்னை வியக்க வைப்பது, இலேசான கரும்பொருளைத் தேடும் சென்செய் சோதனையின் ஸ்கிப்பர் சிசிடி என்ற சிலிக்கான் சில்லு. சாதாரண கேமரா சில்லு ஒரு படப்புள்ளியின் மின்னூட்டத்தை ஒரே முறை அளந்துவிட்டு அழித்துவிடும். இதுவோ அதே மின்னூட்டத்தைக் கலைக்காமல் மீண்டும் மீண்டும் அளக்கிறது. நடுங்கும் தராசில் ஒரு குன்றிமணியைப் பலமுறை நிறுத்துச் சராசரி காணும் தட்டாரின் பொறுமை அது. 2017இல் 4000 முறை அளந்து, பிழையை ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் பதினான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துக் காட்டினார்கள். ஓர் எலக்ட்ரானா, இரண்டா என்று எண்ணிச் சொல்லிவிட முடிகிறது! இச்சில்லுகள் இன்று கனடாவின் ஸ்னோலாப் ஆய்வகத்தில் 2 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. இதே நுட்பத்தை ஆல்ப்ஸ் மலைக்கடியில் உள்ள மோதான் ஆய்வகத்தின் டாமிக்-எம் குழுவும் பயன்படுத்துகிறது.

தடைகளையும் மறைக்கக் கூடாது. இத்தாலியின் கிரான் சாஸோ நிலத்தடி ஆய்வகத்தில், தனிச்சுழிக்கு (மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 273 டிகிரி செல்சியஸுக்கு) சற்றே மேலான குளிரில் வைத்த படிகத்தைக் கொண்டு கிரெஸ்ட் குழுவினர் 30 எலக்ட்ரான் வோல்ட் அளவுள்ள சிறு உதையையும் உணரும் நிலைக்கு இறங்கியபோது, எதிர்பாராத அளவுக்குச் சமிக்ஞைகள் குவிந்தன. கரும்பொருள்தான் அகப்பட்டுவிட்டது என்று அவர்கள் அறிவிக்கவில்லை. குளிரூட்டிய பின் நாள் செல்லச் செல்ல அவை குறைகின்றன. கரும்பொருளானால் அப்படிக் குறையாது. படிகத்திலோ அதைப் பிடித்திருக்கும் அமைப்பிலோ உள்ள இறுக்கம் தளர்வதுதான் காரணமோ என்று பல குழுக்கள் கூடி ஆராய்ந்து வருகின்றன. இந்த நேர்மையே வாசகர்களுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி என்று கருதுகிறேன்.

நம் நாட்டிலும் ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், மீவெப்பத் திரவத் துளிகளை (கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் துளிகளை) கொண்டு நிறை குறைந்த துகள்களைத் தேடியிருக்கிறார்கள். அதையும் சேர்த்து இத்துறை பற்றி விரிவான கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்.