ஒலிக்கு வயது தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்க்டிக் கடலடி வண்டல் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதிர்வலைகளை அனுப்பியே பல கோடி ஆண்டு வரலாற்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அதில் இருக்கிறது. அது பாதிதான் சரி.

காவிரிப் படுகையில் சைஸ்மிக் சர்வே (அதிர்வை வைத்து நிலத்தடி அடுக்குகளைப் பார்க்கும் ஆய்வு) குழுவில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அறுவடை முடிந்த வயலில் குழி போட்டு வெடி வைப்போம். வரிசையாகக் குத்தி வைத்த ஜியோபோன்கள், கீழே பட்டுத் திரும்பும் அதிர்வைப் பிடிக்கும். வரப்பில் நிற்கும் யாராவது ஒரு பெரியவர் தவறாமல் கேட்பார்: "என்ன தம்பி, அடியில எண்ணெய் இருக்கா?" "அடுக்கு தெரியுதுங்கய்யா. என்ன அடுக்குன்னு துளை போட்டாத்தான் தெரியும்" என்போம்.

ஆர்க்டிக்கிலும் இதே கதைதான். அங்கே வெடிக்குப் பதில், அழுத்திய காற்றைத் தண்ணீருக்குள் வெடிக்கவிடும் ஏர்கன். ஜியோபோனுக்குப் பதில், கப்பல் பின்னால் இழுத்துப் போகும், நீருக்குள் ஒலி கேட்கும் ஹைட்ரோபோன்கள் கோத்த கேபிள். எண்ணெய்த் தேடலில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு இழுப்பார்கள். பனிக்கடலில் அவ்வளவு நீளம் விட்டால் பனிப்பாளம் அறுத்துவிடும், சில நூறு மீட்டர்தான். ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் 1991-ல் அப்படித்தான் லோமோனோசோவ் கடலடி மலைத்தொடரின் குறுக்கே கோடு போட்டது (ஒரே கோட்டில் போய் அதிர்வைப் பதிவு செய்வதைத்தான் அப்படிச் சொல்வோம்). மேலே 400 மீட்டருக்கு அதிகமான வண்டல், பாய் விரித்ததுபோல. அடியில் உடைந்து சாய்ந்த பழைய பாறை.

அந்தப் பாய்க்குள் என்ன இருந்தது என்பது 2004-ல்தான் தெரிந்தது. இரண்டு கப்பல்கள் பனியை உடைத்துத் தள்ள, மூன்றாவது கப்பல் நின்று துளையிட்டு 428 மீட்டர் ஆழம் வரை போனது. சுமார் 200 மீட்டரில் ஒரு வெட்டு! 4.44 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மண்மேல் நேராக 1.82 கோடி ஆண்டு மண். இடையில் 2.6 கோடி ஆண்டுகளைக் காணோம். (அந்தக் கணக்கும் முடிந்தபாடில்லை. 2011-ல் மண்ணிலுள்ள ஆஸ்மியம் என்ற உலோகத்தை வைத்து வயது பார்த்தவர்கள், இடைவெளி அவ்வளவு பெரிதல்ல என்றார்கள்.) இன்னும் கீழே, 4.9 கோடி ஆண்டு மண்ணில் அசோலா. ஆமாம், தொட்டியில் வளர்த்து மாட்டுக்குப் போடுகிறோமே, அந்த மிதக்கும் செடியின் பழங்கால உறவு. அந்தக் கடலின் மேற்பரப்பு அப்போது நன்னீராக இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. எந்த ஏர்கன் அடித்தாலும் அசோலா தெரியாது.

அதற்காக நான் பார்த்த வேலையை நானே குறைத்துச் சொல்லவில்லை. எங்கே துளை போடலாம் என்று காட்டியதே அந்தக் கோடுகள்தான். ஒரே இடத்தில் கிடைத்த வயதை, அடுக்கைத் தொடர்ந்து பல நூறு கிலோமீட்டருக்குக் கொண்டுபோவதும் அவைதான். அடுத்த முறை இப்படிச் செய்தி போடும்போது, கோட்டை எந்தத் துளையோடு இணைத்துப் பார்த்தார்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சைஸ்மிக் சர்வே ஊழியர்,
மன்னார்குடி