முன்பருவக் கல்விப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளோடு நாள்தோறும் இருக்கும் ஆசிரியை என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பல நாட்டுப் பாடத்திட்டங்களை ஒப்பிடும்போது, எந்த வயதில் எதைக் கற்பிக்கிறார்கள் என்ற அட்டவணையோடு நின்றுவிட வேண்டாம். மொழி, உடல்நலம், கலை என்ற தலைப்புகள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆண்டு முடிவில் மதிப்பிடப்படுவது குழந்தையா, அக்குழந்தைக்கு வாய்த்த பள்ளியா என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன.

இங்கிலாந்தில் 2008இல் நடைமுறைக்கு வந்த முன்பருவக் கல்விக் கட்டமைப்பின் இன்றைய வடிவம், ஏழு கற்றல் துறைகளில் 17 இலக்குகளை வகுத்து, குழந்தைக்கு ஐந்து வயது நிறையும் கல்வியாண்டின் இறுதியில் ஒவ்வோர் இலக்கையும் அது எட்டியதா என்று ஆசிரியரைக் குறிக்கச் சொல்கிறது. சுவீடனில் 1998இல் வந்து 2018இல் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தின்படியும் ஆசிரியர்கள் குழந்தையைக் கவனித்துப் பதிவு செய்கிறார்கள். ஆனால் அப்பதிவுகளைக் கொண்டு மதிப்பிடப்படுவது, அதன் வளர்ச்சிக்கு முன்பள்ளி என்ன வாய்ப்பளித்தது என்பதே.

இந்த வேறுபாடு வகுப்பறையில் எப்படித் தெரியும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். என் வகுப்பில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, உயரமான குவளையிலிருந்த நீரை அகன்ற கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்து, "தண்ணி குறைஞ்சிருச்சு" என்றாள். மீண்டும் குவளையில் ஊற்றினாள். ஏழெட்டு முறை செய்தபின் கிண்ணத்தின் விளிம்பை விரலால் சுற்றித் தடவி, "இல்ல, படுத்துக்கிச்சு" என்றாள். அன்று நான் நிரப்ப வேண்டியிருந்த படிவத்தில் அவளுக்கென இருந்த கேள்வி, பத்து வரை எண்ணுகிறாளா என்பதுதான். இல்லை என்று குறித்தேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

நியூசிலாந்தில் 1996இல் வெளியாகி 2017இல் திருத்தப்பட்ட 'தே ஃபாரிகி' பாடத்திட்டம், நெய்த பாய் என்ற பொருள்தரும் மாவோரிப் பெயரைக் கொண்டது. அங்கு ஆசிரியர்கள் இத்தகைய நிகழ்வுகளைக் 'கற்றல் கதை'களாக எழுதிப் பெற்றோரோடு பகிர்ந்துகொள்கிறார்கள். ஜப்பானின் அனுபவமும் கருதத் தக்கது. 1956இல் அங்கு வகுத்த ஆறு துறைகள் தொடக்கப்பள்ளிப் பாடங்களைப்போலவே கையாளப்பட்டதால், 1989இல் அவற்றைக் கலைத்து, உடல்நலம், மனித உறவு, சூழல், மொழி, வெளிப்பாடு என ஐந்தாக மாற்றி அமைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குமேல் எடுத்துக்கொண்ட அந்தத் திருத்தத்தை நாம் முதல் வரைவிலேயே செய்துகொள்ளலாம்.

எழுத்தறிவு தாமதமாகும் என்ற பெற்றோரின் அச்சம் எனக்குத் தெரியும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், ஐந்து வயதில் வாசிக்கக் கற்கத் தொடங்கியவர்களுக்கும் ஏழு வயதில் தொடங்கியவர்களுக்கும் இடையே, பதினோரு வயதளவில் வாசிப்புத் திறனில் வேறுபாடு காணப்படவில்லை.

ஆனால் கதை எழுதும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆள்பலத்தை விட்டுவிட்டால் பயனில்லை. பின்லாந்தின் முழுநேர மையங்களில் மூன்று வயதுக்கு மேற்பட்ட ஏழு குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்பது விதி. முப்பது பேரை ஒருவராகப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியைக்குக் குவளையும் கிண்ணமும் கண்ணில் படவே படாது.

ஆகவே வரைவை இறுதி செய்யுமுன், குழந்தை வாரியான தேர்ச்சிக் குறிப்பேட்டை நீக்கி, வாரத்துக்கு ஒரு கவனிப்புக் குறிப்பை அதற்கு ஈடாக ஏற்கவும், ஆசிரியருக்கு எத்தனை குழந்தைகள் என்ற உச்சவரம்பைப் பாடத்திட்டத்திலேயே எழுதவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்பருவ ஆசிரியை ஒருவர்