குட்டிச்சுவர்

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக எழுதவில்லை. காரணம் சொன்னால் நீ நம்ப மாட்டாய், அதனால் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் நலம். முட்டிவலியும் அப்படியே நலமாக இருக்கிறது. வாசு அந்தக் குடையை இன்னும் திருப்பித் தரவில்லை.

நேற்று ராத்திரி நம் மேஜிக் கார்டு விளையாட்டில் ஓர் ஆட்டம் தோற்றேன். வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. கோபத்தால் இல்லை, சந்தோஷத்தால். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

புதிதாக ஒரு கமாண்டர் டெக் கட்டியிருக்கிறேன், தலைவர் கார்டு ஒன்றைச் சுற்றி அடுக்குகிற கட்டு. பெயர் குட்டிச்சுவர். உன் அப்பா என்னைக் காட்டி எத்தனை தடவை சொல்லியிருப்பார், இவனோடு சேர்ந்தால் குட்டிச்சுவராகத்தான் போவாய் என்று! அவருக்கு மரியாதையாக 32 சுவர்க் கார்டு வைத்திருக்கிறேன்.

சிரிக்காதே. பூஸ்டர் பேக்கை, அந்தப் புதுக் கார்டுப் பொட்டலத்தை, பிரித்தால் நாம் முதலில் ஒதுக்கித் தள்ளுவது சுவரைத்தானே? அடிக்கிற பவர் பெரும்பாலும் பூஜ்யம், அடி தாங்குகிற டஃப்னெஸ் மட்டும் கொழுத்திருக்கும், தாக்கப் போகாது. 2004-இல் சாம்பியன்ஸ் ஆஃப் காமிகாவா வந்தபோதுதான் அந்தக் குணத்துக்கு டிஃபெண்டர் என்று ஒரு பேரே கிடைத்தது. இப்படி ஒதுக்கியே என் பெட்டியின் அடியில் ஒரு மதிலே எழுப்பும் அளவுக்குக் கிடந்தது. தலைவர் ஆர்கேட்ஸ், 2018-இல் வந்த டிராகன். ஒரு டிஃபெண்டர் இறங்கினால் ஒரு கார்டு எடுக்கலாம். டிஃபெண்டர்கள் தாக்கவும் போகலாம், பவருக்குப் பதிலாக டஃப்னெஸ் எவ்வளவோ அவ்வளவு அடிக்கும். 'வால் ஆஃப் ஓமன்ஸ்' இறங்கினாலே ஒரு கார்டு தரும் அல்லவா? ஆர்கேட்ஸ் மேசையில் இருந்தால் கார்டை இறக்கக் கொடுக்கிற மானா இரண்டுக்கு இரண்டு கார்டு, கூடவே 4 அடி அடிக்கிற ஓர் ஆள். பெட்டிக்கடியில் தூசு தின்றுகொண்டிருந்த கார்டு இது.

எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்றுதான்: தலைவரைத் தவிர எந்தக் கார்டும் ஒரு பூஸ்டர் பேக்கின் விலையைத் தாண்டக் கூடாது. இதில் முதலில் அடிவாங்குவது மானா தருகிற லேண்ட்தான். மூன்று நிறம், 37 லேண்ட். நல்ல இருநிற லேண்ட் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. தார்ன்வுட் ஃபால்ஸ், பிளாஸமிங் சேண்ட்ஸ் மாதிரி சாய்ந்தபடியே இறங்கி அந்த டர்னில் மானா தராத சோம்பேறிகளைத்தான் போட்டேன். இருவர் ஆட்டமாக இருந்தால் அந்த ஒரு டர்ன் தாமதத்துக்கே செத்திருப்பேன். நால்வர் மேசையில் அப்படி இல்லை. முதல் மூன்று டர்னில் யாரும் யாரையும் பெரிதாகத் தொடுவதில்லை, தொட வருகிறவனும் சுவர் இல்லாத வீடாகப் பார்த்துத்தான் போகிறான்.

சிக்கன டெக் என்றால் நாம் வழக்கமாகச் செய்யும் தப்பு நினைவிருக்கிறதா? மலிவான கார்டு, மலிவான அடி. லைட்னிங் போல்ட் 3 அடிக்கும். எதிரே மூன்று பேர், தலைக்கு 40 உயிர், ஆக 120. கொசுவர்த்தி வைத்து யானையை விரட்டுகிற கதை. மேசை முழுவதையும் ஒரே கார்டில் தொடுவதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நமக்கு மட்டும் வலிக்காததாக இருக்க வேண்டும். 'ஸ்லாட்டர் த ஸ்ட்ராங்' என்று ஒன்று, மூன்றே மானா, சீந்துவாரில்லை. ஒவ்வொருவரும் மொத்தப் பவர் 4-க்குள் அடங்குகிற மாதிரி தங்கள் ஆட்களை வைத்துக்கொண்டு மீதியைப் பலி கொடுக்க வேண்டும். என் சுவர்களின் பவர் எல்லாம் கூட்டினாலும் பூஜ்யம், ஆர்கேட்ஸ் 3. ஒருநாள் குமாரும் வாசுவும் குவித்து வைத்திருந்ததை எடுத்துக் குப்பையில் போட்டார்கள். என் பக்கம் ஒரு செங்கல் அசையவில்லை. எல்லா ஆட்களையும் அழிக்கிற ராத் ஆஃப் காட் கூட எனக்கு இந்தச் சலுகையைத் தராது.

மானா தருகிற சோல் ரிங் எங்கே என்று நீ கத்துவது கேட்கிறது. போடவில்லை. ஆர்கேட்ஸுக்கு வேண்டிய நான்கு மானாவில் மூன்று நிறமுள்ளவையாக இருக்க வேண்டும். சோல் ரிங் தருகிற நிறமில்லாத இரண்டில் ஒன்றுதான் உதவும். அந்த இடத்தில் இன்னொரு சுவர்.

எல்லாம் சரியாகவும் அமையவில்லை. 'ரோலிங் ஸ்டோன்ஸ்' போட்டால் ஆர்கேட்ஸ் இல்லாதபோதும் சுவர்கள் தாக்கப் போகலாமே என்று ஆசைப்பட்டுச் சேர்த்தேன். போயின. ஆறு சுவர் வரிசையாகப் போய்ப் பூஜ்யம் அடி அடித்துவிட்டுத் திரும்பி வந்தன. வாசு சிரித்ததில் நாற்காலியே ஆடியது. இப்போது அந்த இடத்தில் 'ஹை அலர்ட்', அதுதான் டஃப்னெஸ் அளவுக்கு அடிக்க வைக்கிறது. ஆர்கேட்ஸை ஒவ்வொரு முறை கொல்லும்போதும் திரும்பக் கூப்பிட இரண்டு மானா கூடுகிறதே, மாற்று இல்லாமல் இந்த டெக் நிற்காது.

நேற்றைய கதைக்கு வருகிறேன். குமாருக்கு உயிர் 27, எனக்கு 19. வாசுவிடம் அவன் தலைவன் கிரென்கோவோடு சேர்த்து 22 கோப்ளின். என்னிடம், டஃப்னெஸ் கணக்கில், 'வால் ஆஃப் டினையல்' 8, 'வால் ஆஃப் ஃப்ராஸ்ட்' 7, ஓமன்ஸ், பிளாஸம்ஸ், பேட்டில்மென்ட் மூன்றும் தலைக்கு 4, ஆக்ஸ்பேன் கார்டியன் 3. கையில் டெட்சுகோவும் புரோபகாண்டாவும். லேண்ட் மிச்சம் இரண்டுதான். டெட்சுகோவை இறக்கினேன். பவரோ டஃப்னெஸோ 1-க்கு மேற்படாத என் ஆட்களை யாரும் தடுக்க முடியாது என்கிறாள் அவள். பூஜ்யம் ஒன்றுக்குள்தானே! தாக்காத சுவர் தாக்குகிறது, தடுக்க மட்டும் பிறந்ததை யாராலும் தடுக்க முடியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறையும் சாய்த்துக் குமார்மேல் அனுப்பினேன். 30. குமார் எழுந்து கைகொடுத்தான்.

அடுத்து வாசு. சுவரெல்லாம் ஊர்வலம் போய்ச் சாய்ந்து, தடுக்க முடியாமல் கிடக்கிறது, வீட்டில் டெட்சுகோவும் ஆர்கேட்ஸும் மட்டும். கிரென்கோவை உட்காரவைத்துவிட்டு மற்ற 21 கோப்ளினையும் அனுப்பினான், ஒவ்வொன்றும் ஓர் அடி. இருவரும் ஆளுக்கு ஒன்றைத் தடுத்தார்கள். மீதி 19. சரியாக என் உயிரளவு.

கணக்குப் போட்டுப் பார்த்தாயா? கார்டியன் போகாமலிருந்தாலே 27 ஆகியிருக்கும், குமாருக்கு அதுவே போதும். வீட்டில் நிற்கிற கார்டியன், டிஃபெண்டர் ஒன்றுக்கு ஒரு மானா வீதம் ஆறு தந்திருப்பான். மூன்றில் புரோபகாண்டா இறங்கியிருக்கும். தாக்க வரும் ஒவ்வொரு கோப்ளினுக்கும் வாசு இரண்டு கட்ட வேண்டும், 21-க்கு 42 மானா. அவனிடம் ஒன்பது லேண்ட். மூன்று அடி கூடுதலாக அடிக்கிற ஆசையில் போனது. ராத்திரி முழுக்க இதே கணக்குதான்.

சேகர், இதற்கு மேல் எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்த விலையுயர்ந்த டெக்கை முதல்முறை கொண்டுவந்த ராத்திரி, நாலாவது டர்னில் முடித்தேனே, அப்போது குமார் மூன்றாவது லேண்டை வைத்துவிட்டுக் கையிலிருந்ததை இன்னும் அடுக்கிக்கொண்டிருந்தான். நீ உன் கார்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டாய், இரண்டு சுற்று. விதிப்படிதானே ஜெயித்தேன் என்று கேட்டேன். ஆமாம் என்றாய். அதற்கப்புறம் நீ வரவில்லை. உனக்கு வேலை அதிகம் என்று நானே மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேனே தவிர, எதிரே மூன்று பேர் வெறுமனே உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. அந்த டெக்கில் பாதியைக் கைமாற்றிவிட்டேன், மீதியும் போகிறது.

நேற்று வெளியே போன குமார் போகாமல் வாசுவின் பின்னால் நின்று, எந்தக் கோப்ளினை எங்கே அனுப்ப வேண்டும் என்று அவனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். செத்தவன் பேசக் கூடாது என்று நான் கத்தினேன். எத்தனை நாளாயிற்று தெரியுமா இப்படிக் கத்தி!

உன் பிணக்கூட்ட டெக் இன்னும் அந்த ரப்பர் பேண்டிலேயே இருக்கிறதா? பிரி. பூஸ்டர் விலைச் சட்டத்துக்கு அதில் எதுவும் தப்பாது என்று நினைக்காதே, உன் சிறந்த கார்டு கிரே மெர்ச்சன்ட் வெறும் காமன். டிவோஷன், அதாவது மேசையிலிருக்கும் உன் கார்டுகளின் விலையில் உள்ள கறுப்பு மானாக் குறிகள், எட்டு இருந்தால் மூன்று பேருக்கும் தலைக்கு எட்டு போகும், உனக்கு 24 வரும். அதற்கு என் 32 சுவரும் குறுக்கே நிற்காது, அந்த ஆள் கதவைத் தட்டாமலே உள்ளே வருகிறவன். அவனைச் செத்த இடத்திலிருந்து மூன்று தடவை எழுப்புகிற வேலையை மட்டும் வைத்துக்கொள்ளாதே.

சரி, வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு, மூன்று பேர்தான் இருக்கிறோம்.

உன்
ரங்கன்

பின்குறிப்பு: வரும்போது வாசுவிடம் குடையைப் பற்றி நீ கேள். நான் கேட்டால் மழையா பெய்கிறது என்கிறான்.