சரவணனுக்கு, அந்தப் பாட்டி படத்தைப் பற்றி

அன்பு சரவணா,

இங்கே எல்லாரும் நலம். சின்னவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். உன் அம்மா காரியம் முடிந்ததிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. 'கலெக்டர் பிஸி' என்று மணி குரூப்பில் கலாய்க்கிறான், எனக்குக் கலாய்க்க மனசு வரவில்லை.

நேற்று ராத்திரி அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்சின் 'தி கிராண்ட்மதர்' என்ற குறும்படம் பார்த்தேன். 1970இல் வந்தது, 34 நிமிடம். அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் கொடுத்த பணத்தில், ஃபிலடெல்ஃபியாவில் தான் குடியிருந்த வீட்டுக்குள்ளேயே சுவருக்குக் கறுப்பு அடித்து எடுத்திருக்கிறார். ஹாஸ்டலில் போர்வை கட்டி நீ எடுத்த பேய்ப்படத்தை நாங்கள் அவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கக் கூடாதுடா.

படுக்கையை நனைத்துவிடுகிற ஒரு பையன். அதற்கு அப்பன் போட்டு அடிக்கிறான். பெற்றவர்கள் பேசுவதே கிடையாது, நாய் மாதிரி குரைக்கிறார்கள். பையன் மாடியில் ஒரு கட்டிலில் மண்ணைக் கொட்டி, விதை ஊன்றி, தண்ணீர் விட்டு வளர்க்க, அதிலிருந்து ஒரு பாட்டி பிறக்கிறாள். அவள் மட்டும்தான் அவனிடம் பிரியமாக இருக்கிறாள். அப்புறம் அவளுக்கு முடியாமல் போகிறது, வாயிலிருந்து விசில் சத்தம், ஆள் அறை முழுக்க அலைபாய்கிறாள், அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. பையன் கீழே ஓடுகிறான், யாரும் உதவிக்கு வருவதில்லை.

அப்புறம் கல்லறைத் தோட்டம். பாட்டி அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சரி, ஒரு தடவை அவன் தலையைத் தடவிக் கொடுப்பாள் என்று நினைத்தேன். தலை பின்னால் சாய்ந்து மறுபடியும் செத்துப் போகிறாள்.

நம் படங்களில் செத்தவர்கள் வந்தால் பழி வாங்குவார்கள், இல்லையென்றால் வெள்ளை உடையில் ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பா போன பிறகு எனக்கு வந்த கனவுகள் அப்படி இல்லை, சரவணா. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார், 'இவர்தான் போய்விட்டாரே' என்று எனக்குத் தோன்றும், உடனே வாசலிலேயே விழுவார். நான் நினைத்ததால்தான் விழுந்தார் என்று விடிகிறவரை உட்கார்ந்திருப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அதே கனவை எவனோ ஒருவன் அமெரிக்காவில் எனக்கு முன்னாலேயே படமாக எடுத்து வைத்திருக்கிறான்.

உனக்கும் இப்படி ஏதாவது வருகிறதா? வந்தால் சொல்லுடா, நடுராத்திரி என்றாலும் போன் பண்ணு. படத்தை மட்டும் தனியாகப் பார்த்துத் தொலைக்காதே. மாசக் கடைசியில் திருச்சி வருகிறேன், சேர்ந்து பார்ப்போம். தங்கச்சியிடம் சொல்லிவை, ரவா உப்புமா மட்டும் வேண்டாம்.

உன்
குமார்