பல் எடுத்த பிறகு வரும் வாய் நாற்றம்: மகனுக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. ஞானப்பல்லை எடுத்து ஒரு வாரம் ஆகிறது, வலி பெரும்பாலும் அடங்கிவிட்டது, ஆனால் வாயில் நாற்றம் மட்டும் போகவில்லை, அலுவலகத்தில் ஒருவர் பக்கத்தில் நின்று பேசவும் கூச்சமாக இருக்கிறது, டாக்டரிடம் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் நர்ஸாகவே காலத்தைக் கழித்தவளின் மகன் இதற்கு வெட்கப்படுகிறான் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. வாயைத் திறக்கும் முன்பே மன்னிப்புக் கேட்ட நோயாளிகள் அங்கே எத்தனையோ பேர். எங்களுக்கோ அந்த நாற்றம், வாயில் எந்த மூலையை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கான தடயம். மிட்டாயும் ஸ்பிரேயும் போட்டு நீ மறைத்துக்கொண்டே இருந்தால் அந்தத் தடயம்தான் அழியும்.

முதலில், பல் எடுத்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். காற்றுப் புகாத இடுக்குகளில் வாழும் கிருமிகள் ரத்தம், உதிர்ந்த தோல், உணவுத் துணுக்கு ஆகியவற்றிலுள்ள புரதத்தைச் சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளிவருகின்றன. அழுகிய முட்டையை நினைவூட்டும் ஹைட்ரஜன் சல்பைடு அவற்றில் ஒன்று. பல் எடுத்த வாரத்தில் அந்தக் கிருமிகளுக்கு எல்லாமே சாதகமாக அமைகின்றன. குழியில் ரத்தம் உறைந்திருக்கும், தையல் நூலில் துணுக்குகள் சிக்கும், வலிக்குப் பயந்து அந்தப் பக்கம் பிரஷ்ஷே போகாது, வாயை அகலத் திறக்க முடியாததால் நாக்கின் பின்பகுதியை வழிக்க மாட்டோம், சரியாகச் சாப்பிடாததால் எச்சில் ஊறுவதும் குறையும். ஆகவே முதல் வாரத்தில் ஓரளவு நாற்றம் இருப்பது இயல்புதான். குழிக்குள் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ ஒரு படலம் தெரிந்தால் அதைச் சீழ் என்று எண்ணிப் பல்குச்சியால் நோண்டிவிடாதே. பெரும்பாலும் அது புண் ஆறும்போது படிகிற படலமாகவே இருக்கும்.

நாங்கள் உண்மையாகவே கவனிப்பது ‘ட்ரை சாக்கெட்’ என்ற நிலையைத்தான். குழியை மூடியிருக்கும் ரத்தக் கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போய் உள்ளேயுள்ள எலும்பு வெளியே தெரிவதை அப்படிச் சொல்வார்கள். கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்தவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இது அதிகம் வரும். ஆனால் அதன் போக்கு வேறு: குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் திடீரென்று ஏறி, காது வரை தெறித்து, கூடவே கெட்ட சுவையும் நாற்றமும் வரும். உனக்கு வலி நாளுக்கு நாள் குறைந்திருப்பதால், இது அதுவாக இருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படி வந்தாலும் டாக்டர் குழியைக் கழுவி, கிராம்புத் தைலத்தின் சத்துள்ள மருந்தை வைத்து அடைத்தால் வலி விரைவில் தணியும். அதைக் கேள்விப்பட்டு உன் அத்தை சொல்வது போலக் கிராம்புத் தைலத்தை நேராகக் குழியில் ஊற்றிவிடாதே. நீர்க்காத தைலம் பட்ட இடத்தைப் பொசுக்கும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, பிறகு தானாக ஒழுக விடு. வேகமாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டாம். மற்ற பற்களை வழக்கம்போலத் துலக்கு. மென்மையான பிரஷ்ஷால் தையல் இருக்கும் இடத்தின் அருகிலும் மெதுவாகத் துலக்கலாம். நாக்கு வழிப்பானைக் குமட்டல் வராத அளவுக்குப் பின்னால் கொண்டுபோ, ஏனென்றால் வாய் நாற்றத்தின் பெரும்பகுதி நாக்கின் பின்புறப் படிவிலிருந்துதான் வருகிறது. இட்லி, குழைந்த ரசம் சாதம், மோர் எல்லாம் சரி. ஆனால் ரசத்தையும் மோரையும் தாளிக்காமல் சாப்பிடு. குழியிலிருந்து கடுகு எடுத்த கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. குழி மேலே மூடவே சில வாரங்கள் ஆகும், அதுவரை ஏதாவது போய்த் தங்கத்தான் செய்யும். அதைக் கழுவ வளைந்த முனையுள்ள சிரிஞ்ச் ஒன்று உண்டு, எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்.

மருந்துச் சீட்டில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை இருந்தால், வாயில் உலோகச் சுவை தட்டுவது அந்த மாத்திரையால்தான். அதை நாற்றத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. அது முடியும் வரையிலும், முடிந்து மேலும் இரண்டு மூன்று நாட்களுக்கும் மது கூடாது. (நீ குடிப்பதில்லை என்று சொல்வதை நம்புகிறேன், நர்ஸாக இருந்த பழக்கத்தில் எழுதிவிட்டேன்.) குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷைப் பல் துலக்கி அரைமணி நேரம் கழித்துப் பயன்படுத்து, பேஸ்ட்டிலுள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுத்துவிடும். டாக்டர் சொன்ன நாளைத் தாண்டித் தொடராதே. நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், சுவையும் மாறும். கடையில் விற்கும் எரிகிற வகை மவுத்வாஷ்களில் பலவற்றில் ஆல்கஹால் இருக்கிறது, ஆறாத புண்ணுக்கு அது வேண்டாம். அந்த வகையில் பேர்போன லிஸ்டரின் மவுத்வாஷ் 1879இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டபோது அறுவைச் சிகிச்சைக் கிருமிநாசினியாகத்தான் இருந்தது. 1920களில் வந்த விளம்பரங்கள்தான் வாய் நாற்றம் இருந்தால் கல்யாணமே நடக்காது என்ற பயத்தைக் கிளப்பி அதை வீட்டுக்கு வீடு விற்றன. உன் கூச்சத்தில் பாதி அந்த விளம்பரக்காரர்களுடையது.

இனி, எனக்கு உண்மையில் சந்தேகமாக இருப்பதைச் சொல்கிறேன். பல் எடுத்தது இடது பக்கம். நீயோ, வலது பக்கத்தில் மென்றால் ஒரு கெட்ட நீர் ஊறுவது போல இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தில்தான் பொங்கலுக்கு முன்பு ரூட் கேனல் செய்து, அதாவது வேருக்குள் இருக்கும் நரம்பை எடுத்து அடைத்து, பல்லின் மேல் மூடியாகத் தற்காலிகக் கேப் போட்டுக்கொண்டாய். வேலை அதிகம் என்று நிரந்தரக் கேப்பைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறாய். தற்காலிகக் கேப்பை ஒட்டும் சிமெண்ட் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது கரைந்துவிட்டால் கேப் இடத்தில் இருப்பது போலவே தெரியும், ஆனால் எச்சிலும் உணவும் அடியில் புகுந்து நாட்கணக்கில் அழுகும். ரூட் கேனல் செய்த பல்லில் நரம்பு இல்லாததால் வலித்துக் காட்டிக் கொடுக்கவும் அதற்கு வழியில்லை. இடது பக்கம் புண் என்பதால் இந்த வாரம் முழுக்க வலது பக்கமாகவே மென்றிருப்பாய், அதனால் இருந்த ஒட்டும் விட்டிருக்கலாம்.

இதை நீயே சோதித்துப் பார்க்கலாம். பல் இடுக்கு நூலை வலது கேப்பின் இரு பக்கமும் விட்டு எடுத்து முகர்ந்து பார். பிறகு வேறொரு துண்டு நூலை நல்ல பற்களுக்கு இடையில் விட்டு முகர்ந்து பார். கேப்பின் பக்கத்து நூலில் மட்டும் நாறினால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறது. நூலை மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடு, இல்லாவிட்டால் கேப்பே கழன்று வந்துவிடும். சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்தப் பல்லைக் காட்டத்தான் வேண்டும், ஏனென்றால் கசிவு நீடித்தால் செய்த ரூட் கேனலே வீணாகி முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

தையலைப் பார்க்கச் சனிக்கிழமை எப்படியும் போகப் போகிறாய். அப்போது டாக்டரிடம், ‘வாய் நாறுகிறது, வலது பக்கம் கெட்ட சுவை ஊறுகிறது, கேப்பைக் கழற்றிப் பாருங்கள்’ என்று இதே சொற்களில் சொல். அதற்குள் காய்ச்சலோ, கன்ன வீக்கம் கூடுவதோ, சீழ் வடிவதோ, விழுங்கச் சிரமமோ இருந்தால் சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் அன்றே போ. மூச்சுவிடச் சிரமமானால் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போ. நிரந்தரக் கேப்புக்கு அளவு எடுக்கும் தேதியையும் கையோடு வாங்கிக்கொண்டு எனக்கு எழுது. பணம் குறைந்தால் அப்பாவிடம் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா